மெக்சிகோ கடற்கரையில் ஒரு வீடு வாங்கலாமா?

அமெரிக்காவின் சான் டியேகோ நகரத்திலிருந்து தெற்கே காரை விட்டால் கொஞ்ச நேரத்திலேயே எல்லை வந்துவிடும். தாண்டினால் டிஹுவானா. அங்கிருந்து கடலை ஒட்டியே போனால் ரொசாரிட்டோ, அப்புறம் என்செனாடா. அதே பசிபிக் கடல்தான், அதே வெயில்தான். வீட்டு விலை மட்டும் கலிபோர்னியா விலையில் ஒரு பகுதிதான். ஓய்வூதியத்தை வைத்துக்கொண்டு சொந்த ஊரில் வாடகை கட்ட முடியாமல் திண்டாடும் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை அந்தப் பக்கம் சுற்றிப் பார்க்க வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலைப் பார்த்த மாதிரி ஒரு சின்ன வீடு, வாசலில் விற்பனைப் பலகை. மனசு அலைபாயுமா பாயாதா?

வாங்கலாம். சட்டம் தடுக்கவில்லை. ஆனால் பத்திரத்தில் உரிமையாளர் என்று அவர் பெயர் இருக்காது. ஒரு மெக்சிகோ வங்கியின் பெயர் இருக்கும்!

மெக்சிகோவின் 1917 அரசியல் சட்டத்தில் 27ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டர், நில எல்லையிலிருந்து 100 கிலோமீட்டர், இந்தப் பட்டைக்குள் வெளிநாட்டவர் எவரும் எந்தக் காரணம் கொண்டும் நிலத்துக்கு நேரடி உரிமையாளர் ஆக முடியாது என்கிறது அது. கட்டுப்படுத்தப்பட்ட மண்டலம் என்று இதற்குப் பெயர். வெளிநாட்டவர்கள் ஆசைப்படும் கான்கூன், புவெர்ட்டோ வயார்ட்டா, காபோ சான் லூகாஸ் எல்லாமே இந்தப் பட்டைக்குள்தான் வருகின்றன. உள்நாட்டில் இருக்கும் சான் மிகேல் தே அயெந்தே மாதிரி ஊர்களில் இந்தத் தடை கிடையாது.

"இதென்ன இவ்வளவு கெடுபிடி, பணம் கொடுத்துத்தானே வாங்குகிறார்கள்?" என்று தோன்றும். மெக்சிகோகாரர்களைக் கேட்டால் டெக்சாஸ் கதையைச் சொல்வார்கள். 1821இல் மெக்சிகோ சுதந்திரம் அடைந்த சமயத்தில் டெக்சாஸ் அவர்களுடையது, ஆள் நடமாட்டம் குறைந்த பரந்த பூமி. ஸ்டீபன் ஆஸ்டின் போன்றவர்கள் அமெரிக்கக் குடும்பங்களைக் கூட்டி வந்து குடியேற்ற அரசே நிலம் கொடுத்தது. வந்தார்கள், பெருகினார்கள். நிலைமை கைமீறுகிறதென்று 1830இல் குடியேற்றத்துக்குத் தடை போட்டார்கள். காலம் கடந்துவிட்டது. 1836இல் டெக்சாஸ் தனி நாடு என்று அறிவித்துக்கொண்டது, 1845இல் அமெரிக்காவோடு சேர்ந்தது. அடுத்த வருடமே போர். 1848 ஒப்பந்தத்தில் கலிபோர்னியா, நெவாடா, யூட்டா எல்லாம் கைவிட்டுப் போயின. டெக்சாஸையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் பாதி நாட்டுக்கு மேல் போய்விட்டது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதை என்று நாம் சொல்வோமே, அது அவர்களுக்குப் பழமொழி இல்லை, சரித்திரம்.

அதற்கப்புறம் போர்ஃபிரியோ தியாஸ் ஆட்சியில் சுரங்கம், ரயில், எண்ணெய், பெரிய பண்ணைகள் என்று ஏகப்பட்டது வெளிநாட்டவர் கைக்குப் போனது. 1910இல் புரட்சி வெடித்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதப்பட்டதுதான் 1917 சட்டம். இதையெல்லாம் தெரிந்துகொண்டு படித்தால் அந்த 27ஆவது பிரிவின் கோபம் நியாயமாகத்தான் படுகிறது.

சரி, ஆசிரியைக்கு வருவோம். சுற்றுலாவும் வேண்டும், டாலரும் வேண்டும், சட்டத்தையும் மாற்றக்கூடாது. அதற்குக் கண்டுபிடித்த வழிதான் ஃபிதெய்கோமீசோ, அதாவது வங்கி அறக்கட்டளை. வெளியுறவு அமைச்சகத்தின் அனுமதியோடு வங்கி அந்த மனையைத் தன் பெயரில் வைத்துக்கொள்ளும். ஆசிரியை அதன் பயனாளி. அவர் குடியிருக்கலாம், இடித்துக் கட்டலாம், வாடகைக்கு விடலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். வங்கி வருடா வருடம் ஒரு கட்டணம் வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான் அதன் வேலை. ஆரம்பத்தில் 30 வருடம் என்று இருந்தது, 1993ஆம் வருட அந்நிய முதலீட்டுச் சட்டத்தில் 50 ஆனது. முடிந்ததும் புதுப்பிக்கலாம். வங்கி திவாலானாலும் வீடு வங்கியின் சொத்துக் கணக்கில் சேராது, வேறு வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். பலர் இதைக் குத்தகை என்று நினைத்துக் குழம்புகிறார்கள். குத்தகையில் நிலம் இன்னொருவருடையது, முடிந்தால் அவரிடம் திரும்பிப் போய்விடும். இதில் அந்த 'இன்னொருவர்' கிடையாது.

இதோடு இன்னொரு கையெழுத்தும் போட வேண்டும். அதுதான் சுவாரசியமானது. "இந்தச் சொத்து விஷயத்தில் நான் மெக்சிகோ குடிமகனைப் போலவே நடத்தப்பட ஒப்புக்கொள்கிறேன், என் நாட்டு அரசாங்கத்தைத் துணைக்குக் கூப்பிட மாட்டேன், கூப்பிட்டால் சொத்து மெக்சிகோவுக்குச் சேரும்" என்ற கருத்தில் ஒரு ஒப்புதல். கார்லோஸ் கால்வோ என்ற அர்ஜென்டினா சட்ட அறிஞரின் பெயரால் இதைக் கால்வோ விதி என்பார்கள். தன் குடிமகனுக்கு ஒன்றென்றால் போர்க்கப்பலை அனுப்பிக்கொண்டிருந்த வல்லரசுகளுக்கு லத்தீன் அமெரிக்கா சொன்ன பதில் இது. உள்நாட்டில் நேரடியாக வாங்கும் வெளிநாட்டவருக்கும் இந்த விதி உண்டு.

இவ்வளவு சுற்று வழியா என்று சலித்துக்கொள்பவர்களுக்காகவே குறுக்கு வழிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். "உள்ளூர் நண்பர் பெயரில் வாங்கிக்கொள்ளுங்கள், பணம் மிச்சம்" என்பார்கள். ஸ்பானிய மொழியில் இதற்குப் 'பெயர் கடன் கொடுப்பவர்' என்ற அர்த்தத்தில் பிரெஸ்தாநோம்ப்ரே என்று பெயர். நம்ம ஊரில் ஒரே வார்த்தையில் பினாமி. பெயர் கொடுத்தவர் இறந்தால் அவர் வாரிசு வந்து சாவி கேட்பார், அவர் கடன்பட்டால் கடன்காரர் வருவார். கோர்ட்டுக்குப் போய் "இது உண்மையில் என் வீடு" என்று சொன்னால் அரசியல் சட்டத்தை ஏய்த்தேன் என்று தானே வாக்குமூலம் கொடுத்த மாதிரி ஆகிவிடும் :-)

ஆனால் பினாமியை விடப் பெரிய பள்ளம் எஹீதோ. புரட்சிக்குப் பிறகு பெரும் பண்ணைகளை உடைத்துக் கிராமங்களுக்குக் கூட்டாகக் கொடுத்த நிலம் இது. விவசாயிகளுக்கு உழுது பிழைக்கும் உரிமை மட்டும்தான், விற்கும் உரிமை இல்லை. 1992இல் சட்டத்தைத் திருத்தி, கிராமசபை கூடி முடிவெடுத்து, விவசாய நிலப் பதிவகத்தில் பல படிகள் ஏறி இறங்கினால் தனிப் பட்டாவாக மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அப்படி மாறின பிறகுதான் வெளியாள் வாங்க முடியும். மாறாத நிலத்தைத்தான் சல்லிசான விலைக்குக் காட்டுவார்கள். கையில் ஏதோ ஒரு காகிதம், கிராமத் தலைவர் முத்திரை, சுற்றிலும் ஏற்கனவே நாலு வெளிநாட்டவர் வீடு. நம்பாமல் என்ன செய்வது?

என்செனாடாவுக்குத் தெற்கே புந்தா பாண்டா என்ற மணல் திட்டு. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கழிமுகம். அங்கே அமெரிக்கர்கள் பலர் எஹீதோவிடம் இருந்து குத்தகை பெற்று வீடு கட்டிக்கொண்டு வாழ்ந்தார்கள். அந்த நிலத்தை அரசாங்கம் எஹீதோவுக்குக் கொடுத்ததே தப்பு, அதற்கு முன்பே வேறு உரிமையாளர்கள் இருந்தார்கள் என்று வழக்கு நடந்தது. மெக்சிகோ உச்ச நீதிமன்றம் அந்தப் பழைய உரிமையாளர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2000ஆம் வருடம் அக்டோபர் மாதக் கடைசியில் போலீஸ் வந்து குடியிருந்தவர்களை வெளியேற்றியது. ஆயுள் சேமிப்பைச் செங்கல்லாக மாற்றி வைத்திருந்த கிழவர்கள் கட்டில், மேஜையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. பல வருடம் கோர்ட் படியேறி ஜெயித்த உரிமையாளர்களை நினைத்தால் அவர்கள் மேலும் தப்பில்லை. முதலில் கோடு மாற்றிப் போட்ட அரசாங்க அலுவலகம் மட்டும் எதையும் இழக்கவில்லை.

இதிலெல்லாம் மாட்டாமல் இருக்க ஆசிரியை பார்க்க வேண்டிய ஆள் நோத்தாரியோ. அமெரிக்காவில் நோட்டரி என்றால் கையெழுத்துக்குச் சாட்சி சொல்லும் ஆள். அந்த நினைப்போடு போனால் ஏமாந்து போவார். மெக்சிகோவின் நோத்தாரியோ தேர்ந்த வழக்கறிஞர், அரசு நியமிப்பவர். பத்திரம் எழுதுவது, வில்லங்கச் சான்று வாங்குவது, வரியைக் கணக்குப் போட்டு வசூலித்துக் கட்டுவது, பதிவு செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. ஆனாலும் அவர் நடுநிலை ஆள், வாங்குபவரின் வக்கீல் இல்லை. தனக்கென்று ஒரு வக்கீலும் வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டு முன்னால் இருக்கும் மணலும் வீட்டோடு சேர்ந்தது என்று விற்பவர் சொன்னால் நம்பக்கூடாது. கடல் ஏறும் உச்சக் கோட்டிலிருந்து 20 மீட்டர் மத்திய அரசின் நிலம், நம்ம ஊர்ப் புறம்போக்கு மாதிரி. அனுமதி வாங்கிப் பயன்படுத்தலாம், சொந்தமாகாது. இன்னொன்று, பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டலாம் என்பார்கள். (இதைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை!) விற்பவருக்கு லாபம். பின்னால் ஆசிரியை உண்மை விலைக்கு விற்கும்போது, வித்தியாசம் முழுவதும் அவருடைய லாபமாகத் தெரியும், வரியும் அவர் தலையில் விழும்.

வீடு வாங்கியதால் மட்டும் அங்கே தங்கும் உரிமை வந்துவிடாது, விசா தனிக் கதை. அரசியலில் வாய் திறக்கவும் முடியாது. 33ஆவது பிரிவின்படி வெளிநாட்டவர் நாட்டு அரசியல் விவகாரங்களில் எந்த வகையிலும் தலையிடக்கூடாது. தெருவில் தண்ணீர் வரவில்லை என்று ஊர்வலம் போனால் அது அரசியலா இல்லையா என்று யார் முடிவு செய்வது?

2013இல் குடியிருப்பு வீடுகளுக்கு மட்டும் இந்த 50, 100 கிலோமீட்டர் தடையை நீக்கலாம் என்று கீழவை வாக்களித்தது. செனட்டில் அது நிறைவேறவில்லை. அதே வருடம் அமெரிக்க வரித்துறை ஒரு நல்ல காரியம் செய்தது. வழக்கமான ஃபிதெய்கோமீசோவைத் தன் வரிச் சட்டப்படி அறக்கட்டளையாகக் கருத மாட்டோம் என்று விளக்கம் கொடுத்தது. அதுவரை, வெளிநாட்டு அறக்கட்டளைக்கான படிவத்தைக் கொடுக்காததற்குப் பெரிய அபராதம் வந்துவிடுமோ என்று பயனாளிகள் பயந்துகொண்டிருந்தார்கள்.

ஃபிதெய்கோமீசோ பத்திரத்தில் மாற்றுப் பயனாளி என்று ஒரு இடம் உண்டு. தனக்குப் பின் யார் என்று ஆசிரியை அங்கே பெயர் எழுதியிருந்தால் பிள்ளைகள் இறப்புச் சான்றிதழோடு வங்கிக்குப் போனால் போதும், மேற்கொண்டு வேலை நடக்கும். வெறுமனே விட்டிருந்தால் அவர்கள் மெக்சிகோ நீதிமன்றத்தில் வாரிசு வழக்கு நடத்த வேண்டும், ஸ்பானிய மொழியில். வாங்குகிற சந்தோஷத்தில் பலரும் காலியாக விட்டுவிட்டுப் போகிற இடம் அதுதான்.