ஸ்டியரிங்ல ஆட்டம் வந்தா...

போன வாரம் நம்ம கார் ரெண்டு நாள் ஒர்க்‌ஷாப்புல நின்னுச்சு. ஸ்டியரிங் ரேக் மாத்தினோம். தெருவுல நாலு பேரு, "ஓடற வண்டிக்கு எதுக்குங்க இத்தனை செலவு?"ன்னு கேட்டாங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு இங்கயே எழுதிடறேன். பழைய கார் வச்சிருக்கிற நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு உதவும்.

வண்டி 2006 மாடல் மாருதி 800. நாலு வருசத்துக்கு முன்னால ரெண்டாங்கையா வாங்கினது. பின் சீட்டை மடக்கிட்டா மல்லிகைப்பூ மூட்டை போட்டுக்கலாம். இருட்டுலயே பறிக்க ஆரம்பிச்சு, வெயில் ஏறறதுக்குள்ள சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டுக்குப் போய்ச் சேரணும். நேரம் போனா மொட்டு விரிஞ்சிரும், விலையும் போயிரும். போற வழியில மூணு கிலோமீட்டர் கீழ்பவானி வாய்க்கால் கரை. ஒரு பக்கம் தண்ணி, இன்னொரு பக்கம் பள்ளம். ராத்திரி யாருக்காவது நெஞ்சு வலி, பிரசவ வலின்னாலும் இந்தத் தெருவுல இருக்கிற ஒரே கார் இதுதான். அதனால இதுல பிரேக்கும் ஸ்டியரிங்கும் எனக்குச் சில்லறை விசயம் இல்லைங்க.

ஒரு மாசமாவே வண்டி நேரா போகாம லேசா அலைஞ்சுச்சு. ஸ்டியரிங்கை ரெண்டு விரக்கடை திருப்பினாத்தான் சக்கரம் கேக்குது. குழியில இறங்கினா கையில 'டொக் டொக்'னு அடி. முன் டயர் ஒரு ஓரமா தேய ஆரம்பிச்சுது.

ஒர்க்‌ஷாப்புக்குப் போறதுக்கு முன்னால வீட்டுலயே ஒரு சோதனை பண்ணலாம். சமதளத்துல நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல்லு வச்சு, முன்பக்கம் ஜாக்கி ஏத்துங்க. ஜாக்கியை மட்டும் நம்பாம ஸ்டாண்டு குடுங்க. கடிகாரத்துல 9, 3 இருக்கிற இடத்துல டயரைப் பிடிச்சு ஆட்டினா ஆட்டம் தெரியுதா? அப்ப கோளாறு ஸ்டியரிங் பக்கம். 12, 6 இருக்கிற இடத்துல ஆடினா வீல் பேரிங்கையோ பால் ஜாயிண்டையோ பாக்கணும். எங்க வீட்டுக்காரம்மாவை உள்ள உக்கார வச்சு ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் லேசா அசைக்கச் சொன்னேன். நான் கீழ படுத்துப் பாத்தேன். டை ராடு எண்டு நல்லா இருந்துச்சு. ஆட்டம் ரேக்குக்குள்ள இருந்துதான் வந்துச்சு.

ரேக்குன்னா பெரிய ரகசியம் ஒண்ணும் இல்லைங்க. நீளமான இரும்புச் சட்டம், அதுல ஒரு பக்கம் பல்லு. ஸ்டியரிங் கம்பியோட அடி நுனியில ஒரு சின்னப் பல் சக்கரம், அதுக்குப் பேரு பினியன். நாம திருப்பினா பினியன் சுத்தி, சட்டத்தை இடமும் வலமும் தள்ளும். சட்டத்தோட ரெண்டு முனையிலயும் டை ராடு, அது சக்கரத்தைத் திருப்பும். சட்டம் வெளிய வர்ற ரெண்டு முனையிலயும் மடிப்பு மடிப்பா ஒரு ரப்பர் உறை இருக்கும். பூட்டுன்னு சொல்லுவாங்க. அந்த ரப்பர்தான் இங்க காவக்காரன்.

அது கிழிஞ்சா சேத்துத் தண்ணியும் மண்ணும் உள்ள போயிரும். கிரீஸோட மண்ணு சேந்தா அது அப்புறம் கிரீஸ் இல்லை, உப்புத்தாள். திருப்பத் திருப்பப் பல்லைத் தேய்க்கும். நான் வாங்கும்போதே இடது பக்கப் பூட்டு கிழிஞ்சிருந்துச்சு. அன்னைக்கே ரெண்டு பக்கமும் புதுசு போட்டு, புது கிரீஸ் வச்சோம். ஆனா அதுக்கு முன்னால உள்ள போன தண்ணி சட்டத்துல துருப் புள்ளி வச்சிட்டுப் போயிருக்கு. இப்பக் கழட்டினப்ப மெக்கானிக் தம்பி கையில வச்சுக் காட்டுனாரு, அம்மை வடு மாதிரி. வண்டி மேல குத்தம் இல்லைங்க. நம்ம ஊரு ரோடும் வண்டியோட வயசும் அப்படி.

பக்கத்துத் தோட்டத்து மாமா ஒருத்தரு, "ரேக்குல ஒரு நட்டு இருக்கு மாப்பிள்ளை, அதை டைட் வச்சாப் போதும், காசைக் கரைக்காதே"ன்னாரு. அப்படி ஒரு நட்டு இருக்கிறது நெசம்தான். சட்டத்தைப் பினியனோட அணைச்சுப் பிடிக்கிற ஸ்பிரிங்கை அது அழுத்தும். கொஞ்சூண்டு ஆட்டம்னா அதுலயே சரியாகும். தம்பிகிட்டக் கேட்டேன்.

"அண்ணா, அம்மிக்கல்லு நடுவுல மட்டும் தேயுதில்ல, அதே கதைதான். வண்டி பெரும்பாலும் நேராத்தான் ஓடுது. நடுப் பல்லுதான் தேஞ்சிருக்கு. நடுவுக்குத் தக்கன டைட் வச்சா, வளைவுல தேயாத பல்லு வரும்போது இறுகிப் பிடிச்சுக்கும். திருப்பின ஸ்டியரிங் தானாத் திரும்பி வராது"ன்னாரு.

வாய்க்கால் கரை வளைவுல ஸ்டியரிங் பிடிச்சுக்கிட்டா என்ன ஆகும்னு யோசிச்சேன். அதுக்கு மேல பேச்சு வேண்டியதில்லை. பழைய இரும்புக் கடையில ரேக் பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனா அதோட நடுப் பல்லு எப்படின்னு வெளிய தெரியாது. புதுசே வாங்கிட்டேன். அந்த வார பூ காசு அதுக்கே போச்சு. வீட்டுக்காரம்மா, "ஏனுங்க, பூ அடுத்த வாரமும் பூக்கும், போட்டுருங்க"ன்னுட்டா.

மாத்தும்போது கூடவே நின்னு பாத்தேன். நீங்களும் நில்லுங்க. கவனிக்க வேண்டியது இதுதான்:

ஸ்டியரிங் கம்பி பினியன்ல சேர்ற இடத்துல கழட்டுறதுக்கு முன்னால அடையாளக் கோடு போடணும். டை ராடு எண்டு எத்தனை சுத்துல கழண்டுச்சுன்னு எண்ணி வச்சுக்கணும். புது ரேக்கை சரி நடுவுல வச்சு, ஸ்டியரிங்கும் நேரா இருக்கும்போதுதான் சேக்கணும். இல்லைன்னா ஒரு பக்கம் நல்லா திரும்பும், இன்னொரு பக்கம் குறைச்சலாத் திரும்பும். ரேக்கை பாடியோட பிடிக்கிற கிளாம்ப் ரப்பரையும் பாருங்க. அது நஞ்சிருந்தா புது ரேக்கும் ஆடும். டை ராடு எண்டுல பழைய காட்டர் பின்னைத் திருப்பிப் போட விடாதீங்க, புதுசு நாலஞ்சு ரூவாதான். எல்லாம் முடிஞ்சதும் வீல் அலைன்மெண்ட் கட்டாயம். எத்தனை சுத்து எண்ணினாலும் அது ஒரு திட்டத்துக்குத்தான். அலைன்மெண்ட் பாக்காம ஓட்டினா புது டயரும் சீக்கிரம் மொட்டையாயிரும்.

பவர் ஸ்டியரிங் வண்டி வச்சிருக்கிறவங்களுக்கும் பூட்டு இதே பூட்டுதான். ஆயில்ல ஓடற பவர் ஸ்டியரிங்கா இருந்தா, பூட்டைத் தொட்டுப் பாருங்க. உள்ள எண்ணெய் தேங்கியிருந்தா ரேக் சீல் போயிருச்சுன்னு அர்த்தம். கரண்ட் மோட்டார் வச்ச வண்டியில ஸ்டியரிங் லேசா இருக்கிறதால ரேக் இறுகினாலும் கைக்குச் சட்டுனு தெரியாது. அதனால கண்ணால பாக்கிறதுதான் நல்லது.

நான் இப்ப ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா டார்ச் அடிச்சு அந்த ரெண்டு ரப்பரையும் பாத்துக்கறேன். முன் சக்கரத்தை ஒரு பக்கமா முழுசாத் திருப்பி வச்சா மடிப்பு விரியும், வெடிப்பு இருந்தாத் தெரிஞ்சிரும். ரப்பர் சில நூறு ரூவா, ரேக் சில ஆயிரம். ஐப்பசி மழை பிடிக்கறதுக்குள்ள உங்க வண்டியிலயும் ஒருதடவை குனிஞ்சு பாத்திருங்க. சேத்துக்குள்ள இறங்கின பிறகு பாத்துப் பிரயோசனம் இல்லைங்க.

அடுத்த தடவை மல்லிகைக்கு வந்திருக்கிற மொட்டுப்புழுவைப் பத்தி எழுதறேன்.