தண்ணீர் போன்ற எண்ணெய்

ஒரு வீட்டுக்குப் புதிய மோட்டார் வண்டி வந்துவிட்டால், அதனை ஓட்டத் தெரிந்தவர்களிலும் பார்க்க அதைப்பற்றி ஆலோசனை கூறத் தெரிந்தவர்களே தொகையில் மிகுந்துவிடுகின்றனர். நிறத்தைப்பற்றிக் கூறுவார்கள், சில்லுக்கு அடியில் வைக்கவேண்டிய தேசிக்காயைப்பற்றிக் கூறுவார்கள். அவற்றுக்கெல்லாம் தலையசைத்துவிட்டுப் போகலாம். எஞ்சினுக்குள் எந்த எண்ணெயை ஊற்றுவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை அதை மாற்றுவது என்ற கேள்வி அவ்வாறு தலையசைத்துத் தப்பக்கூடியதன்று. அதில் தவறினால் தண்டம் கட்டுபவர் வண்டியின் சொந்தக்காரரேயன்றி ஆலோசனை கூறியவர் அல்லர்.

2020 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருக்கும் என் தங்கை, வங்கிக் கடன் பெற்று ஒரு சிறிய யப்பானியக் காரை வாங்கினாள். ஐந்து வருடத் தவணை. மாதச் சம்பளத்திற் பெரும்பகுதி அதற்கே போகிறது. கடன் முடிந்த பின்னரும் பத்து வருடமாவது அந்த வண்டி ஓடினாற்றான் அவளுடைய கணக்குச் சரிவரும். ஆகவே, முதலாவது எண்ணெய் மாற்றும் தறுவாயில் எழுந்த வாக்குவாதத்தை வீண் பேச்சென்று ஒதுக்க முடியவில்லை.

வண்டியுடன் வந்த கைந்நூல் ‘0 டபிள்யூ 20’ என்ற எண்ணெயை ஊற்றும்படி கூறுகிறது. எங்கள் குஞ்சியப்பு அந்தத் தகரத்தைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்தார்.

“தம்பி, உது ஒயிலோ தண்ணியோ? எங்கட வெயிலுக்கு உது நிக்குமே? பிள்ளையின்ர காசு போகப்போகுது. இருபது ஐம்பதை ஊத்தச் சொல்லு. மூவாயிரத்துக்கு ஒருக்கால் மாத்தச் சொல்லு.”

குஞ்சியப்புவின் வார்த்தையைக் கிழவரின் பிடிவாதம் என்று எவரும் எங்கள் குடும்பத்திற் கூறமாட்டார். 1990 ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில், குடாநாட்டிற் பெற்றோல் என்பது மருந்துப் போத்தலில் அளந்து வைக்கும் பொருளாக இருந்தது. கார்களும் மோட்டார்ச் சைக்கிள்களும் சிறு துளி பெற்றோலினால் உயிர்பெற்று, பின்பு மண்ணெண்ணெயில் ஓடின. அவருடைய ஒஸ்ரின் ஏ-40 வண்டியும் அப்படித்தான் ஓடியது. நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஏற்றிக்கொண்டு இரவிலும் ஓடியது. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல எளிதில் ஆவியாவதில்லை. எரியாது எஞ்சியது உருளைச் சுவர் வழியே வடிந்து, கீழே எஞ்சினின் அடித்தொட்டியிலுள்ள எண்ணெயுடன் கலந்துவிடும். ஓட ஓடக் குறைய வேண்டிய எண்ணெய்மட்டம் அந்நாட்களில் நாளுக்கு நாள் உயர்ந்தது! நீர்த்துப்போகும் என்று தெரிந்தே தடித்த எண்ணெயை ஊற்றவும், அதனை அடிக்கடி மாற்றவும் அவர் பழகிக்கொண்டார். அந்த எஞ்சினுக்கும் அந்தக் காலத்துக்கும் அதுவே சரியான வைத்தியம். நோய் மாறிய பின்பும் அதே மருந்து பொருந்துமா என்பதே எனக்கும் அவருக்கும் இடையிலான வழக்கு.

தகரத்திலுள்ள இலக்கங்கள் எதனைக் குறிக்கின்றன என்பதை முதலிற் பார்க்கவேண்டும். அவை எண்ணெயின் நிறையைக் குறிப்பன என்றே பலர் எண்ணுகின்றனர். அவை குறிப்பது எண்ணெயின் பாகுநிலையை. அதாவது, அது ஓடுவதற்குக் காட்டும் தயக்கத்தை. அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் 1911 ஆம் ஆண்டளவில் வகுக்கத் தொடங்கிய முறை இது. ‘டபிள்யூ’ என்ற எழுத்து ஆங்கிலத்திற் குளிர்காலத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண் கடுங்குளிரில் எண்ணெய் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைக் காட்டுவது; 0 டபிள்யூ என்ற எண்ணெய் பூச்சியத்துக்குக் கீழே 35 பாகைக் குளிரிற் பரீட்சிக்கப்படுகிறது. நுவரெலியாவில் என்றோ ஒருநாள் விடியற்காலையிற் பனி உறைவதைத் தவிர, நம் நாட்டில் அந்த முதலெண்ணுக்கு வேலை குறைவு. பின்னுள்ள எண்ணே நமக்கு முக்கியமானது. எஞ்சின் சூடேறிய பின், 100 பாகையில், எண்ணெயின் தடிப்பு எவ்வளவு என்பதை அது கூறும். 20 என்ற வகுப்பின் பாகுநிலை அவ்வெப்பத்தில் 6.9 இலிருந்து 9.3 சென்ரிஸ்ரோக்குக்குள் அடங்கும். 50 என்ற வகுப்பு 16.3 இல் தொடங்கி 21.9 க்குள் அடங்கும். ஏறக்குறைய இரண்டு மடங்கு வேறுபாடு.

“அதைத்தானே நானும் சொன்னனான்” என்றார் குஞ்சியப்பு.

உண்மைதான். ஆயினும் இன்னொரு கணக்கும் உண்டு. எண்ணெய் ஆறியிருக்கும்போது பன்மடங்கு தடித்திருக்கும். 40 பாகையில், 0 டபிள்யூ 20 எண்ணெயின் பாகுநிலை சுமார் 45 சென்ரிஸ்ரோக். யாழ்ப்பாணத்துக் காலைப்பொழுதில் அதனிலும் கூடுதலாகவே இருக்கும். குஞ்சியப்புவின் எண்ணெய் எஞ்சின் கொதிநிலையில் ஓடும்போது கொண்டிருக்கும் தடிப்பைவிட, தண்ணீர் என்று அவர் இகழ்ந்த எண்ணெய் காலையிற் கொண்டிருக்கும் தடிப்பு இரண்டு மடங்குக்கும் அதிகம்! கையிற் குலுக்கிப் பார்த்து எண்ணெயை எடைபோடுவதில் உள்ள குறை இதுதான். அவருடைய எண்ணெயோ காலையில் இன்னும் மும்மடங்கு தடித்து, மெல்லிய வழிகளினூடாக மேலே ஏறுவதற்குத் தாமதிக்கும். எண்ணெய் வந்து சேரும் வரையுள்ள அந்தச் சில விநாடிகளிலேதான் உலோகத்தோடு உலோகம் உரசுகின்றது.

எஞ்சின் ஓடும்போது அதனைத் தாங்குவது எண்ணெயின் தடிப்பு மாத்திரமன்று. இவ்விடத்தில் மாணவர்களுக்குச் சுவையான ஒரு வரலாறு இருக்கிறது. இங்கிலாந்தில் போஷம் ரவர் என்ற பொறியியலாளர், 1880களில் புகையிரத வண்டி அச்சுகளைத் தாங்கும் பகுதிகளை ஆராய்ந்தார். எண்ணெய் ஊற்றுவதற்காக மேலே ஒரு துளையிட்டார். அச்சு சுழன்றபோது எண்ணெய் உள்ளே போகாமல் அத்துளை வழியாக மேலே பொங்கியது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளையை அடித்து இறுக்கினார். அதுவும் வெளியே வந்துவிட்டது. சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று ஒடுங்கிய இடைவெளிக்குள் ஆப்புப்போலச் செருகுகிறது என்பதும், அங்கே எழும் அமுக்கமே முழுப்பாரத்தையும் தாங்குகிறது என்பதும் இவ்வாறு தெரியவந்தன. 1886 இல் ஒஸ்போண் ரெனோல்ட்ஸ் அதற்குரிய கணிதத்தை எழுதினார். அந்தக் கணிதத்தின்படி, எண்ணெய்ப் படலத்தைத் தாங்கி நிற்பவை பாகுநிலை, வேகம், பாரம், இடைவெளி ஆகிய யாவும் சேர்ந்தே. ஏ-40 வண்டியின் தேய்ந்த எஞ்சினில் இடைவெளி பெரிது. தடித்த எண்ணெய் வேண்டியிருந்தது. இன்றைய எஞ்சினின் இடைவெளிகளையும் எண்ணெய்ப் பம்பையும் மெல்லிய எண்ணெய்க்கென்றே அளந்து அமைக்கிறார்கள்.

இனி, வெயில். வெளியே 34 பாகை என்றால் எஞ்சினும் அந்த அளவுக்கு எரிகிறது என்று எண்ணுவது இயல்பே. ஆனால், ரேடியேற்றருக்குப் போகும் நீரை, வெப்பத்தை அளந்து திறக்கும் ஒரு வாயில் கட்டுப்படுத்துகிறது. அது நீரைச் சுமார் 90 பாகையில் வைத்திருக்கும். பண்டாரவளையின் குளிரிலும் கிளிநொச்சியின் வெயிலிலும் எஞ்சின் காணும் உலகம் பெரும்பாலும் ஒன்றே. நமக்குத்தான் வியர்க்கிறது.

இவ்வளவு சொன்ன நான் மறுபக்கத்தையும் மறைக்கவில்லை. மெல்லிய எண்ணெயை உற்பத்தியாளர் விரும்புவதற்கு எரிபொருட் சிக்கனமும் ஒரு காரணம். அரசாங்கங்கள் விதித்த சிக்கன விதிகளுக்கு ஈடுகொடுக்க அஃது உதவுகிறது. சில கைந்நூல்கள், மிகுந்த வேகத்திலோ அதிக பாரத்துடனோ ஓடும் வண்டிக்குச் சற்றுத் தடித்த எண்ணெய் ஏற்றதாகலாம் என்றும் எழுதியிருக்கின்றன. ஆகையால், கைந்நூல் அனுமதித்தால் 5 டபிள்யூ 30 ஊற்றுவதற்கு நான் சண்டைபிடிக்க மாட்டேன். 20 டபிள்யூ 50 அந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. உத்தரவாதக் காலத்தில் எஞ்சினுக்கு ஏதேனும் நேர்ந்தால், முதலில் அவர்கள் கேட்பது என்ன எண்ணெய் ஊற்றினீர்கள் என்பதாகவே இருக்கும். அப்போது என் தங்கை தனியே நிற்பாள். இந்த ஒரு நியாயத்துக்குக் குஞ்சியப்பு மறுமொழி சொல்லவில்லை. ‘பிள்ளை தனிய நிக்கக்கூடாது’ என்றுமட்டும் சொன்னார்.

மாற்றும் காலத்தைப்பற்றிய வழக்கில் நிலைமை வேறு. கைந்நூல் 10,000 கிலோமீற்றர் அல்லது பன்னிரண்டு மாதம், எது முந்துகிறதோ அது என்கிறது. தங்கை அதனைப் படித்து, ‘ரண்டு வருசத்துக்குப் பயமில்லை’ என்று மகிழ்ந்தாள். அவளுடைய ஓட்டத்தைக் கணக்கிட்டோம். பாடசாலைக்கும் சந்தைக்குமாக நாளொன்றுக்கு ஐந்தாறு கிலோமீற்றர்; வருடத்தில் இரண்டு மூன்று முறை கொழும்புக்கு, ஒருவழி சுமார் 400 கிலோமீற்றர். எல்லாம் சேர்த்தாலும் ஆண்டுக்கு ஐயாயிரத்தை எட்டாது. ‘எது முந்துகிறதோ’ என்ற சொற்களை அவள் கண் தாண்டிவிட்டிருந்தது. அதற்கு அடுத்த பக்கத்தில், சிறிய எழுத்தில், கடின ஓட்டமாயின் இந்தக் காலத்தைப் பாதியாகக் குறைக்கவும் என்று இருந்தது. கடின ஓட்டம் என்றதும் நாம் நினைப்பது கொழும்புப் பயணத்தையும் ஏ-9 வீதியின் நீளத்தையும். கைந்நூல் நினைப்பதோ பாடசாலைப் பயணத்தை!

காரணம் இதுதான். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் ஆவியாகப் பிறக்கிறது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். சிறு பகுதி ஆடுதண்டைக் கடந்து கீழே இறங்கும். ஆறிய எஞ்சினில் அந்த ஆவி நீராகிறது; எரியாத பெற்றோலும் சிறிது அதனுடன் சேர்கிறது. கொழும்புப் பயணத்தில் எண்ணெய் மணிக்கணக்காகச் சூடேறி இவற்றை ஆவியாக்கித் துரத்திவிடும். இரண்டு கிலோமீற்றர் ஓடி நிறுத்தப்படும் வண்டியில் எண்ணெய் சூடேறுமுன் சாவி திருகப்பட்டுவிடுகிறது. நீரும் பெற்றோலும் அமிலமும் உள்ளேயே தங்கி, எண்ணெயிற் சேர்த்துள்ள காப்பு மருந்துகளைத் தின்னத் தொடங்குகின்றன. சிறிய எஞ்சினின் தொட்டி கொள்ளும் எண்ணெயோ மூன்று லீற்றர் அளவே.

இதைக் கேட்டதும் குஞ்சியப்பு நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப மண்ணெண்ணெய்க் காலத்துக் கதைதான்!” என்றார். அதே கதைதான், மிகச் சிறிய அளவில். எண்ணெய் அளக்கும் கோலை இழுத்து மட்டம் உயர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும், மூக்கருகே பிடித்துப் பெற்றோல் மணக்கிறதா என்று முகர்வதும் இன்றைய வண்டிக்கும் பொருந்தும் சோதனைகள். அவற்றை எந்தக் கைந்நூலிலும் அவர் படிக்கவில்லை. ஒன்றைமட்டும் அவர் கைவிட வேண்டியிருந்தது: எண்ணெய் கறுத்துவிட்டால் பழுதாகிவிட்டது என்ற முடிவு. இக்கால எண்ணெயில் அழுக்கைக் கழுவித் தன்னுள்ளே மிதக்கவைக்கும் மருந்து இருக்கிறது. கறுப்பது அது வேலை செய்வதன் அடையாளமாகவும் இருக்கலாம்.

ஆறு மாதம் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முந்துகிறதோ அது. ஒவ்வொரு முறையும் பில்ரரும் புதிது என்று தீர்மானமாயிற்று. முதல் மாற்றத்துக்குப் போன இடத்தில், பீப்பாவிலிருந்து அளந்து ஊற்றலாம், விலை குறைவு என்று ஒரு பையன் கூறினான். குஞ்சியப்பு அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முத்திரை உடையாத தகரத்தைக் கொண்டுவரச் செய்து, இலக்கத்தை இரண்டு முறை படித்து, தம் கையாலேயே மூடியைத் திறந்தார். பற்றுச்சீட்டு ஒரு கொப்பியில் ஒட்டப்பட்டிருக்கிறது. பக்கத்தில் அவருடைய கையெழுத்தில் திகதியும் கிலோமீற்றரும்.

அந்தக் கொப்பி இப்போது அவரிடமே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளிற் கோவிலால் வந்ததும் தங்கை வீட்டுக்குப் போய், கோலை இழுத்து, எண்ணெயை இரண்டு விரலுக்கிடையிற் தேய்த்துப் பார்க்கிறாராம். ‘இன்னும் தண்ணிதான்’ என்று சொல்லிவிட்டு, கோலைத் துடைத்து வைத்துத் தேநீர் கேட்கிறாராம்.