புளியமரத்தடி உப்பு

தாளவாடி மலையில் காட்டை ஒட்டிய தோட்டம் அது. கறவை மாடுகள் நக்குவதற்காக, வேலியோரப் புளியமரத்தில் தாது உப்புக்கட்டி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார் அந்த விவசாயி. இரண்டு மாதம் வர வேண்டிய கட்டி இருபதே நாளில் தேய்ந்துபோனது. மரத்தடியில் புள்ளிமான்களின் குளம்புத் தடம்.

மான் உப்பைத் தேடி வருவதில் வியப்பில்லை. இலைதழைகளில் சோடியம் மிகக் குறைவு. ஆண்மானுக்குக் கொம்பு வளரவும், குட்டி போட்ட பெண்மானுக்குப் பால் ஊறவும் தாதுச்சத்து வேண்டும். காட்டுக்குள் உவர்மண்ணை நக்கி ஈடுகட்டிக்கொள்ளும். தோட்டத்தில் சுலபமாகக் கிடைத்தால் விடுமா?

"வாயில்லா ஜீவன், நக்கிட்டுப் போகட்டுமே" என்றார் மனைவி. அவருக்கும் அப்படித்தான் தோன்றியது, பக்கத்து வயல் ராகியில் மான்கள் வாய் வைக்கும்வரை. ஒரே கட்டியை மாடும் மானும் நக்கினால் எச்சில் வழியே கோமாரி பரவலாம். மானைத் தேடிச் சிறுத்தையும் வரும். தொழுவத்தில் கன்று நிற்கிறது. போதாக்குறைக்கு, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், ஆசைகாட்டி விலங்கை வரவழைப்பதும் வேட்டை என்ற சொல்லுக்குள் அடங்கும். மாட்டுக்கு வைத்த உப்பு அதில் சேராதுதான். மானுக்கென்றே வைத்தால் வம்பு.

கட்டியைத் தொழுவத்துக்குள் தீவனத் தொட்டிக்கு மேலே மாற்றினார். மான்கள் அப்போதும் வந்து மரத்தடி மண்ணை நக்கின. உப்பு ஊறிய அந்த மண்ணை ஒரு சாண் ஆழம் வெட்டி அள்ளிய பிறகுதான் வரத்து குறைந்தது.