தோண்டும் கை நிற்கும் இடம்

இங்கிலாந்தில் மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு, மண்ணில் புதைந்த பழம்பொருள்களைத் தேடி வயல் வயலாக நடக்கிறவர்களில் சிலர், டிடெக்டரை மட்டும்தான் கடையில் வாங்குகிறார்கள். தோண்டும் கருவியை வீட்டுக் கொட்டகையில் தாங்களே செய்துகொள்கிறார்கள். செடிக்குக் குழி பறிக்கும் மலிவான கரண்டியை இறுகிய களிமண்ணில் செருகி நெம்பினால், தகடும் பிடியும் சேரும் கழுத்தில் மடங்கிவிடும். அதனால் பழைய வண்டிகளின் ஸ்பிரிங் பட்டையைத் தேடிப் போகிறார்கள்.

அந்தப் பட்டையை நெருப்பில் பழுக்கவைத்து, சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிட்டால் அரத்துக்குப் பணிகிற அளவுக்கு இளகும். வேண்டிய வடிவில் அறுத்து, ராவி, மறுபடி பழுக்கவைப்பார்கள். சூடு போதுமா என்று பார்க்க ஒரு காந்தம் போதும். ஏறக்குறைய 770 டிகிரியில் இரும்பில் காந்தம் ஒட்டாது. அதற்குச் சற்று மேலே போனதும் எண்ணெயில் முக்குவார்கள். அப்படியே விட்டால் கல்லில் பட்டதும் தெறித்துவிடும். ஆகவே மிதமான சூட்டில் இன்னொரு முறை காட்டிப் பதத்தை இறக்குவார்கள். நம் ஊர்ப் பட்டறைகளில் லாரிப் பட்டையிலிருந்து அரிவாள் பிறப்பதும் இந்த நெருப்பு வேலையால்தான்.

எனக்கு அதிகம் பிடித்தவை அதற்குப் பிறகு அவர்கள் சேர்க்கும் சின்னச் சின்ன விஷயங்கள். அலகின் ஒரு விளிம்பில் மட்டும் ரம்பப் பல் வெட்டுகிறார்கள், புல்வேரைப் பிய்க்காமல் அறுப்பதற்காக. புல்தரையில் மூன்று பக்கம் அறுத்து, நாலாவது பக்கத்தை வேரோடு விட்டு, அந்தப் பத்தையைப் புரட்டி வைக்கிறார்கள். வேலை முடிந்து அதைத் திரும்பப் போட்டு மிதித்துவிட்டால் புல் பட்டுப்போகாது. ஆழம் தெரிய அலகில் அங்குலக் கோடு. புல்லுக்குள் தொலையாமலிருக்கப் பிடிக்குச் சிவப்புச் சாயம். அடுத்தவர் நிலத்தில் கைவைக்கிறோம் என்ற கூச்சம் அந்தக் கருவியிலேயே இருக்கிறது. அது எனக்கு மதிப்புக்குரியதாகப் படுகிறது.

அந்தக் கூச்சத்தை நினைத்தால் எரிக் லாஸ் நினைவுக்கு வருவார். சஃபோக் பகுதியில் ஹாக்ஸன் என்றொரு கிராமம். அங்கே ஒரு குத்தகை விவசாயி வயலில் தன் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். அவருடைய நண்பரான லாஸ், ஓய்வுபெற்ற தோட்டக்காரர், அதைத் தேடிக்கொடுக்க டிடெக்டரோடு போனார். 1992 நவம்பர் 16 அன்று சத்தம் கேட்ட இடத்தில் தோண்டினால், வெள்ளிக் கரண்டிகள், தங்க நகைகள், நாணயங்கள் என்று வந்துகொண்டே இருந்தன. குழியில் இன்னும் இருக்கிறது என்று தெரிந்தே லாஸ் தோண்டுவதை நிறுத்தினார். நிலத்துக்குச் சொந்தமான கவுன்சிலுக்கும் போலீசுக்கும் தகவல் போனது.

மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து அகழ்ந்தார்கள். சில இடங்களை மண்கட்டியோடு அப்படியே பெயர்த்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ப் பிரித்தார்கள். சுமார் 15,000 ரோமானிய நாணயங்கள்; வெள்ளியும் தங்கமுமாக இன்னும் 200 பொருள்கள். அதைவிடப் பெரிய லாபம், எது எதன் பக்கத்தில் இருந்தது என்று தெரிந்தது. மரப்பெட்டியின் தடயம், அதற்குள் சிறு பெட்டிகள், குட்டி வெள்ளிப் பூட்டுகள். லாஸ் இன்னும் ஒரு மணி நேரம் தோண்டியிருந்தால் நாணயங்கள் மிஞ்சியிருக்கும், பெட்டி மண்ணோடு மண்ணாகியிருக்கும்.

அந்தப் பொருள்களில் ஒரு மிளகுச் சிமிழ் இருக்கிறது. சுமார் 10 செ.மீ. உயரம், சீமாட்டி ஒருத்தியின் மார்பளவு உருவம், வெள்ளியில் செய்து பொன்முலாம் பூசியது. அடியிலுள்ள வட்டைத் திருப்பினால் மூடிக்கொள்ளும். இன்னொரு திருப்பில் மிளகுத்தூள் நிரப்பத் திறக்கும். மற்றொன்றில் சிறு துளைகள் வழியே தூவும். ரோமானியர் மேசைக்கு மிளகு போனது மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளிலிருந்து. சேர நாட்டுக் கொடியில் காய்த்தது, மழையும் குளிருமான அந்தத் தீவில் யாரோ ஒரு பெண்மணியின் சாப்பாட்டுக்குக் காரம் சேர்த்திருக்கிறது! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

லாஸுக்குக் கிடைத்த வெகுமதி 17.5 லட்சம் பவுண்டு. அதை அந்த விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். தொலைந்த சுத்தியலும் பிறகு அகப்பட்டது. அதுவும் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சொத்து.

நம் ஊரில் புதையல் கிடைக்க டிடெக்டர் வேண்டியதில்லை. கிணறு வெட்டும்போதும் கடைக்கால் தோண்டும்போதும் காசுக் கலயம் தட்டுப்படுவது உண்டு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கடப்பாரை எதிலாவது இடித்தால் அங்கேயே நிறுத்துங்கள். கலயத்தை உடைக்காதீர்கள், காசைக் கழுவாதீர்கள், சுற்றியுள்ள மண்ணைக் கிளறாதீர்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.