நிமிடத்துக்கு இரண்டு லிட்டர்

‘ஏ டைப்’ என்று கடைக்காரர்கள் சொல்லும் சிறிய சிலிண்டரில் ஏறக்குறைய 750 லிட்டர் ஆக்ஸிஜன் இருக்கும். உட்கார்ந்திருக்கும்போது அப்பாவுக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர் போதும். எழுந்து நடந்தால் 4 வேண்டும். 2 லிட்டரில் ஆறு மணி நேரம் வரும், 4 லிட்டரில் மூன்று மணி நேரம். வழியில் எங்காவது மாட்டிக்கொண்டால் ஆகும், பாதியைத் தொடாமல் வையுங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் எல்லோருமாக வெளியே போவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். மாமல்லபுரம், வண்டலூர், முட்டுக்காடு என்று தம்பி அடுக்கினான். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

“நம்ம ஏரிக்கரையே போதும்பா. சாதம் கட்டிக்கிட்டுப் போலாம்.”

சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவிலிருந்து ஏரிக்கு நடந்தே போய்விடலாம். பல வருஷம் விடியற்காலையில் அவர் நடந்த வழி அது. ஐ.எல்.டி. வந்து நுரையீரல் தழும்பேறி இறுகத் தொடங்கியதும் முதலில் ஏரி நின்றது. அப்புறம் தெருமுனைப் பால் கடை. போன வருஷம் வாசல்படியும் தூரமாகிவிட்டது. கட்டில், இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கும் கான்சன்ட்ரேட்டர், அதன் குழாய் எட்டும் தூரம், அவ்வளவில் அடங்கிவிட்டார் அப்பா.

பெரிய அத்தை செங்கல்பட்டிலிருந்து போனில் சத்தம் போட்டார். “முடியாம கெடக்கிறவனைக் காத்துல கொண்டுபோய் வைக்கிறதா? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்றது?” அவர் தூக்கி வளர்த்த தம்பி. அந்தக் கோபத்தில் இருந்தது முழுக்கப் பயம்தான். எனக்கும் அதே பயம் இருந்தது. ஆனால் அவர் சொன்ன ‘காத்துல’ என்பது மட்டும் மனசில் நின்றது. எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, நுரையீரல் நோயாளிகளைக் காற்றில் வைப்பதற்கென்றே ஒருவர் மருத்துவமனை கட்டியிருக்கிறாரே!

டாக்டர் டேவிட் சவுரிமுத்து. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் காசநோய்க்கான சானடோரியம் நடத்தியவர், 1928-இல் தாம்பரத்தை அடுத்த பச்சைமலைப் பக்கம் அதேபோல ஒன்றைத் தொடங்கினார். காசத்துக்கு அப்போது மருந்து கிடையாது. திறந்த வெளி, நல்ல சாப்பாடு, ஓய்வு இவைதான் சிகிச்சை. 1937-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. பிறகு மருந்துகள் வந்தன. சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தபடி மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களைப் போலவே குணமானார்கள் என்று 1959-இல் காட்டியது. உலகம் முழுக்கக் காச சிகிச்சையை மாற்றிய ஆய்வு அது. குணமாக்கியது மருந்துதான், காற்று இல்லை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. அப்பாவின் நோயை எந்தக் காற்றும் திருப்பப்போவதில்லை என்பதும் தெரியும். ஆனாலும் மருந்தில்லாத அந்தக் காலத்து வைத்தியர்கள் நோயாளிக்கு வானத்தை மறைக்கவில்லை. மருந்துள்ள காலத்தில் நாம் ஜன்னலைக்கூடச் சாத்திவிடுகிறோம்.

நோயாளியை வெளியே கூட்டிப்போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நெதர்லாந்தில் ராட்டர்டாம் நகரத்து ஆம்புலன்ஸ் ஓட்டுநர் கீஸ் வெல்ட்பூர், 2006-இல் இறக்கும் தறுவாயிலிருந்த ஒரு கப்பல்காரரைக் கடைசியாக ஒருமுறை துறைமுகத்துக்குக் கூட்டிப்போனார். அடுத்த வருஷமே இதற்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கிவிட்டார். கடற்கரை, அருங்காட்சியகம், சொந்த வீடு என்று நோயாளி கேட்ட இடத்துக்கு ஸ்ட்ரெச்சரிலேயே கொண்டுபோகிறார்கள். கேரளத்தில் ஆதரவு சிகிச்சைத் தொண்டர்கள் படுக்கையிலிருப்பவர்களைக் கூட்டமாகக் கடற்கரைக்கு அழைத்துப்போவது உண்டு. தமிழ்நாட்டிலும் 2021-இல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் ஆதரவு சிகிச்சை இருக்கிறது. வெளியே கூட்டிப்போவதை ஆடம்பரமாக நினைக்கிறவர்களிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

நாள் பார்த்தோம். தை பிறக்கும் சமயம் ஆகாது. போகிப் புகை புறநகர் முழுக்க நிற்கும், ஆரோக்கியமானவர்களுக்கே இருமல் வரும். பங்குனி வந்தால் வெயில். நடுவில் மாசியில் ஒரு சாயங்காலம், நான்கு மணிக்கு மேல் என்று முடிவானது. அம்மா தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்தார். மூச்சு வாங்குகிறவருக்கு மெல்லுவதே ஒரு வேலை, வயிறு நிறையச் சாப்பிட்டாலும் மூச்சு முட்டும். எங்களுக்குப் புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல். ஆக்ஸிஜனுக்குப் பக்கத்தில் நெருப்பு ஆகாது என்பதால் டீயை ஃபிளாஸ்கில் எடுத்துக்கொண்டோம். அப்பா கேட்ட ஒரே கேள்வி, “நடுவுல ஒண்ணுக்கு வந்தா?” நோயாளிகள் பலர் வீட்டை விட்டு வர மறுப்பது இதற்குத்தான், வெளியே சொல்ல மாட்டார்கள். யூரின் கேனும் மறைப்புக்கு ஒரு போர்வையும் பையில் இருக்கிறதென்று தம்பி எடுத்துக் காட்டிய பிறகுதான் சட்டை மாற்றச் சம்மதித்தார்.

காரில் ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் அப்பா ஒவ்வொரு வீட்டையும் பார்த்துக்கொண்டு வந்தார். யார் மாடி எடுத்திருக்கிறார்கள், எந்த வேப்பமரத்தை வெட்டிவிட்டார்கள் என்று அவருக்கு வழி முழுக்கப் புதுச் செய்தி. கரையேறும் இடத்தில் சக்கர நாற்காலியைத் தூக்க வேண்டியிருந்தது. வாக்கிங் வந்த இரண்டு பையன்கள், நாங்கள் கூப்பிடுவதற்கு முன்பே வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். நடந்துபோனவர்களின் பார்வை மூக்குக் குழாயில் விழுந்தது. அப்பா துண்டால் முகத்தை மறைக்கப் பார்த்தார். அவரோடு முன்பு நடந்த ஒருவர் நின்று, “என்ன சார், ரொம்ப நாளாக் காணோம்” என்று பக்கத்தில் உட்கார்ந்து மழையளவைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் துண்டு மடிக்கு வந்துவிட்டது.

இந்த ஏரியும் சாவின் விளிம்பு வரை போய் வந்ததுதான். கழிவுநீர், ஆகாயத்தாமரை, கரையில் மலைபோல் குப்பை என்று கிடந்ததை ஊர்க்காரர்கள் ‘சிட்லபாக்கம் ரைசிங்’ என்று கூடி, விடுமுறை நாட்களில் இறங்கிச் சுத்தம் செய்தார்கள், மனுப் போட்டார்கள், விடாமல் கேட்டார்கள். 2019-இல் அரசு 25 கோடி ரூபாய் அறிவித்தது. தூர் வாரிக் கரை கட்டினார்கள். நடைபாதை வந்தது. அன்றைக்கு நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. முக்குளிப்பான்கள் மூழ்கி வேறு இடத்தில் எழும்பின. அவை எங்கே எழும்பும் என்று அப்பா விரலை நீட்ட, தம்பி மகள் பந்தயம் கட்டினாள். ஆக்ஸிமீட்டரில் 91. ஐந்து வாய் சாப்பிட்டார், பிறகு கொஞ்சம் ஓய்வு, பிறகு புளியோதரையில் ஒரு வாய் கேட்டார். உப்பு ஜாஸ்தி என்று நான் தயங்க, அம்மா என்னைப் பார்க்காமலே ஊட்டிவிட்டார்.

“தாத்தா, இந்தத் தண்ணி எங்க போவும்?”

ஒரே மூச்சில் அவரால் சொல்ல முடியாது. “செம்பாக்கம் ஏரிக்கு.” நிறுத்தினார். “அங்கேருந்து நன்மங்கலம்.” மூச்சு வாங்கினார். “கீழ்க்கட்டளை... அப்புறம் பள்ளிக்கரணை.” ஒவ்வொரு ஏரிக்கும் நடுவில் குழந்தை பொறுமையாகக் காத்திருந்தாள். பள்ளிக்கரணையிலிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கோவளத்தில் கடல் என்று அவர் முடித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது.

மறுநாள் முழுக்க அசதியில் தூங்கினார். அதை மறைக்க மாட்டேன். போய்வந்ததற்கான விலை அது. கை கால் கழுவவும் எழவில்லை. அதற்கு அடுத்த நாள் காலை அத்தைக்கு அவரே போன் போட்டார். விட்டு விட்டுப் பேசினார். செம்பாக்கம் ஏரியை அத்தை பார்த்ததில்லையாம், பேத்திக்கும் காட்ட வேண்டுமாம். அத்தை நிறைய நேரம் திட்டிவிட்டு, எந்தக் கிழமை என்று கேட்டிருக்கிறார். சனிக்கிழமை வருகிறார், மாவடு ஜாடியோடு.