வயலே வகுப்பறை

இந்தோனேசிய அரசு 1986-ஆம் ஆண்டில் நெற்பயிருக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்ததற்குக் காரணம், மருந்து தெளிக்கத் தெளிக்கப் புகையான் பெருகியதே ஆகும். சாற்றை உறிஞ்சிப் பயிரைக் கருகவைக்கும் அப்பூச்சியைத் தின்னும் சிலந்திகளே மருந்தால் முதலில் மடிந்தன.

1989-இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையுடன் அங்கே தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளி, அதாவது ஏறத்தாழ 25 உழவர்கள் வாரம் ஒருமுறை வயலிலேயே கூடிப் பருவம் முழுதும் கற்கும் முறை, வேளாண் பயிற்சியின் போக்கையே மாற்றியது.

குழுவினர் தூர்களை எண்ணி, தண்டின் அடியில் ஒண்டியிருக்கும் பூச்சிகளைப் பிடித்து, நன்மை செய்வன ஒருபுறமும் தீமை செய்வன மறுபுறமுமாகப் பெரிய தாளில் வரைந்து, மருந்து தேவைதானா என்பதைத் தாமே விவாதித்து முடிவு செய்தனர். வலை மூடிய செடியில் சிலந்தியையும் புகையானையும் ஒன்றாக விட்டு, எது எதைத் தின்கிறது என்று பார்ப்பதும் பாடமாயிற்று.

இவற்றினும் போற்றத்தக்கது, பயிற்றுநராகும் அலுவலர்கள் முதலில் தாமே சேற்றில் இறங்கி நெல் விளைவிக்க வேண்டும் என்ற ஏற்பாடு.

நிலவளம் காப்போருக்கான பயிற்சிகள் பலவும் அரங்கில் படக்காட்சியும் சான்றிதழுமாக ஒரே நாளில் முடிந்துவிடும் இக்காலத்தில், அந்த ஏற்பாட்டை எத்தனை துறைகள் ஏற்க முன்வரும்?