வெஸ்டரியில் தொங்கும் படம்



சென்ற வாரம் ஒரு பழைய புகைப்படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1911இல் இங்கிலாந்து சென்ற அகில இந்திய கிரிக்கெட் அணியின் படம் அது. பாட்டியாலா மகாராஜாவின் தலைமையில் சென்ற அவ்வணியில் பல்வங்கர் பாலுவும் ஒருவர். தோல் தொழிலோடு பிணைத்துத் தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். அந்தப் பயணத்தில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆம்பூரில் வாழும் நாம் அவரை அந்நியர் என்று சொல்ல இயலுமோ?

இளமையில் பூனாவின் ஐரோப்பியர் மன்றத்தில் மைதானத்தைப் பராமரித்து, வலைப்பயிற்சியில் பந்து வீசி, மாதம் 4 ரூபாய் பெற்றார். பின்பு இந்துக்களின் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. களத்தில் அவர் தொட்ட பந்தை மற்றவர்களும் தொட்டார்கள், பந்தும் தோல்தானே! தேநீர் வேளையில் மட்டும் அவருக்குக் கட்டடத்திற்கு வெளியே, குடித்ததும் எறிந்துவிடும் மண்குவளையில். 1911ஆம் ஆண்டுப் படத்தில் அந்தக் குவளை இல்லை.

அக்காலத்தில் ஒரு கண்ணாடித் தகட்டுக்கு ஒரே படம். ஆகவே வீரர்கள் பெரும்பாலும் மட்டையை ஓங்கியபடி அசையாமல் நின்றே படம் எடுத்துக்கொண்டார்கள். ஆடும்போதே எடுக்கத் துணிந்தவர்கள் சிலர். அவர்களுள் ஜார்ஜ் பெல்டம் தாமும் மிடில்செக்ஸ் அணியில் ஆடியவர். 1905இல் 600 படங்களுடன் ஒரு நூலை வெளியிட்டார். நியூயார்க்கில் செய்தித்தாள் ஒன்றில் பிழை திருத்துநராயிருந்த சார்லஸ் கான்லன் பேஸ்பாலைப் படமெடுத்தார். டை காப் என்ற வீரர் புழுதி பறக்கச் சறுக்கி வந்தபோது, எதிரே நின்ற தம் நண்பர் ஜிம்மி ஆஸ்டினுக்கு அடிபட்டதோ என்று கான்லன் பதறினார். படம் எடுத்தோமா என்பதே அவருக்கு நினைவில்லை. தகட்டைக் கழுவியபோதுதான் புகழ்பெற்ற அப்படம் கிடைத்தது.

நம் வெஸ்டரியில் தொங்கும் ஆண்டுவிழாப் படத்தை நீங்கள் அறிவீர்கள். நடுநாற்காலியில் அடியேன். டேனரியில் சுண்ணாம்புக் குழியருகே ஆயுளைக் கழித்துவிட்டு, விடியற்காலையில் நமக்காக மணியடித்த கோயில்பிள்ளை அதில் இல்லை. நாம் ஏறி நிற்கும் பெஞ்சுகளைச் சுமந்து வந்து போட்டவர் அவரே. அவர் ஓரமாய் நின்றதை நான் கண்டேன். கண்டும், "வெயில் ஏறுகிறது, எடுங்கள்" என்றேன்.

அவருடைய அடக்கம் முடிந்த மூன்றாம் வாரம் அவர் மனைவி வெஸ்டரிக்கு வந்தார். வீட்டில் மாட்டுவதற்கு, அடையாள அட்டையிலுள்ளதைத் தவிர வேறு படமில்லையாம். கண்ணாடிமேல் விரல் வைத்து வரிசை வரிசையாய்த் தேடினார்.

"ஐயா, இதுல அவரு எங்க நிக்கிறாரு?"

"அன்றைக்கு அவரைக் கூப்பிட மறந்துவிட்டேன் அம்மா" என்றேன். பிரியமானவர்களே, அது பொய். நான் மறக்கவில்லை.

நேற்று மாலை அவர் வீட்டுக்குப் போய் அதைச் சொல்லிவிட்டே இதை எழுதுகிறேன். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய், எவர்சில்வர் டம்ளரில் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்.